ஓஃப் என்றால் பறவை மட்டும்தானா? வௌவாலில் தொடங்கிய ஒரு கேள்வி

கல்மண்டபம்

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள். போன வாரம் ஒரு பையன் அவன் அண்ணன் போனுக்கு வந்த படத்தைக் காட்டினான். ஒரு பக்கம் வௌவால், இன்னொரு பக்கம் லேவியராகமம் 11:19, கீழே "வௌவாலைப் பறவை என்று சொல்லும் வேதம்" என்று பெரிய எழுத்தில். "வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும்னு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க சார், அப்போ எது சரி?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து எபிரெய அகராதியைப் பிரித்தேன்.

சாப்பிடக்கூடாதவற்றின் பட்டியல் தொடங்குகிற 11:13-இல் "பறவைகளில்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு போட்டிருக்கிற இடத்தில் மூலத்தில் இருப்பது "ஓஃப்" என்ற சொல். அயின், வாவ், பே என்று மூன்று எழுத்து, முதல் எழுத்து தொண்டைக்குள்ளிருந்து வருவது, தமிழில் எழுத வழியில்லை. அதன் வேர் "பறத்தல்". ஆக, ஓஃப் என்றால் பறவை அல்ல, "பறப்பது". வௌவால் பறக்கிறது, கணக்கு தீர்ந்தது. இப்படிச் சொல்லலாமா? சொன்னால் சரியாக இருக்குமா? எபிரெயம் படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று தெரியும், சொல்லுங்கள்.

பழைய ஏடு

பாதி சரி ஐயா. ஆனால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பையனுக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஓஃப் எபிரெய வேதத்தில் 71 இடங்களில் வருகிறது. வடிவம் ஒருமை, பொருள் பெரும்பாலும் கூட்டம். நாம் "இந்த வருஷம் கொசு ஜாஸ்தி" என்று சொல்லும்போது ஒரு கொசுவைச் சொல்வதில்லை அல்லவா, அந்த மாதிரி. அதே வேரிலிருந்து வரும் வினைச்சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஏசாயா 6-இல் ஆறு செட்டையுள்ள சேராபீன் இரண்டால் பறக்கிறதே, அங்கே இந்த வினைதான். சகரியா 5-இல் பறக்கிற புத்தகச் சுருளுக்கும் இதுதான். சங்கீதம் 55-இல் "எனக்குப் புறாவைப்போல் சிறகு இருந்தால் பறந்துபோய் இளைப்பாறுவேனே" என்று ஒருவன் ஏங்குகிறான், சங்கீதம் 90-இல் நம் ஆயுசு சீக்கிரம் கடந்து நாமும் பறந்துபோகிறோம் என்று வருகிறது. எல்லாம் ஒரே வேர்.

ஆதியாகமம் 1:20-இல் "ஓஃப் யெஓஃபேஃப்" என்று பெயரும் வினையும் அடுத்தடுத்து வருகின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இறக்கை அடிக்கிற சத்தமே கேட்கும். இதைத் தமிழில் "பறவை பறக்கட்டும்" என்று சொன்னால் மூலத்தின் ஓசை அப்படியே வந்துவிடுகிறது. ஏனென்றால் நம் சொல்லும் அப்படிப் பிறந்ததுதான், பற என்ற வினையிலிருந்து பறவை. இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது, அவர்களுடைய பறவைச் சொல்லுக்குள் பறத்தல் தெரிவதில்லை.

எபிரெயத்தில் வேறு சொற்களும் உண்டு. "சிப்போர்" என்றால் பறவை, பல இடங்களில் சிறு குருவி. மோசேயின் மனைவி சிப்போராள், மோவாபின் ராஜா பாலாக்கின் தகப்பன் சிப்போர், இரண்டு பேருடைய பெயரும் இதுதான். "அயித்" என்றால் பிணத்தின் மேல் இறங்குகிற ஊனுண்ணிப் பறவை, ஆபிராம் வெட்டி வைத்த பலியின் மேல் வந்து இறங்கி அவன் துரத்தினானே, அது. "பஅல் கானாஃப்" என்றால் இறக்கையை உடையது, நம் பட்சி என்ற சொல் பக்கம் என்கிற இறக்கையிலிருந்து வந்த மாதிரி. இத்தனைக்கும் மேலே விரித்த பெரிய குடைதான் ஓஃப்.

வெறும்வாசகன்

நான் நம்பிக்கையாளன் இல்லை, ஆனால் இந்த மொழிகள் மேல் ஆசை உண்டு, அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "வேர் பறத்தல், ஆகவே பொருள் பறப்பது" என்கிற வாதம் நிற்காது. ஒரு சொல்லின் பிறப்பு வேறு, அது இன்று குறிக்கிற பொருள் வேறு. எள்ளிலிருந்து வந்தது எண்ணெய், ஆனால் தேங்காய் எண்ணெய் என்று நாம் சொல்லாமலா இருக்கிறோம்?

இரண்டு கேள்வி. ஒன்று, அதே பட்டியலில் 11:16-இல் "பத் யஅனா" இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை நெருப்புக்கோழி என்று எடுத்தது, நம் தமிழ் வேதமும் தீக்குருவி என்றது. நெருப்புக்கோழி பறக்குமா? பறப்பதுதான் ஓஃப் என்றால் அது எப்படி அங்கே வந்தது?

இரண்டாவதுதான் முக்கியம். உபாகமம் 14-இல் இதே பட்டியல் திரும்ப வருகிறது, கடைசியில் அதே வௌவால். ஆனால் 14:11-இல் பட்டியல் தொடங்குவது ஓஃப் என்ற சொல்லோடு அல்ல, சிப்போர் என்ற சொல்லோடு. சுத்தமான எந்த சிப்போரையும் சாப்பிடலாம், அவற்றில் சாப்பிடக்கூடாதவை இவை, என்று போகிறது. பழைய ஏடு சொன்னபடியே சிப்போர் என்றால் பறவை. அப்படியானால் "மூலத்தில் பறவை என்ற சொல்லே இல்லை" என்று அந்தப் பையனிடம் சொன்னால், நாளைக்கு அவனே வளர்ந்து உபாகமத்தைத் திறந்து பார்த்துவிட்டு, சார் என்னிடம் பாதியை மறைத்தார் என்று நினைப்பான்.

கல்மண்டபம்

இது எனக்குத் தோன்றவே இல்லை. உபாகமத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. நன்றி, உண்மையாகவே.

பழைய ஏடு

வெறும்வாசகன் சொன்ன இரண்டும் சரியான கேள்விகள், இரண்டாவதைப் பற்றி நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நெருப்புக்கோழியை முதலில் பார்ப்போம். பத் யஅனா எது என்பதில் இன்றுவரை வழக்கு இருக்கிறது. ஏசாயா 13-இலும் 34-இலும் பாழடைந்த இடங்களில் அது குடியிருக்கிறது, அதனால் பெரிய ஆந்தை வகை என்று சொல்கிறவர்கள் பலர். ஆந்தை என்றால் சிக்கல் இல்லை. ஆனால் ஆந்தை என்று சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. நெருப்புக்கோழியாகவே இருக்கட்டும். அப்போதும் அதை ஓஃப் என்றுதான் சொல்லியிருப்பார்கள், இறக்கை இருக்கிறதே. நாமும் பறக்காத கோழியையும் வான்கோழியையும் பறவை என்றுதான் சொல்கிறோம். ஆக ஓஃப் என்பதை "பறந்துகொண்டிருப்பது" என்று நெருக்கிப் பிடிக்கக்கூடாது. "இறக்கைக் கூட்டம்" என்று சொன்னால் பொருந்தும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம், எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. ஆதியாகமம் 1:26-ஐயும் 28-ஐயும் படியுங்கள். சமுத்திரத்தின் மச்சம், ஆகாயத்தின் ஓஃப், பூமியின் மேல் நடமாடுகிறவை. உயிர்களை எலும்பையும் மடியையும் முட்டையையும் வைத்துப் பிரிக்கவில்லை, எது எந்த இடத்துக்குச் சொந்தம் என்று பிரித்திருக்கிறார்கள். தண்ணீருக்கு ஒரு கூட்டம், வானத்துக்கு ஒரு கூட்டம், தரைக்கு ஒரு கூட்டம். சாயங்காலம் கோவில் கோபுரத்திலிருந்து கிளம்பிப் போகிற வௌவாலை இந்த மூன்றில் எதில் சேர்ப்பீர்கள்?

உபாகமத்து சிப்போர் விஷயத்தில் மறுப்பே இல்லை. அங்கே வௌவால் சிப்போர் வரிசையில்தான் நிற்கிறது. ஆக, "எபிரெயச் சொல்லுக்குப் பறவை என்று அர்த்தமே கிடையாது" என்கிற பதில் கைவிட வேண்டிய பதில். அந்தக் காலத்து இஸ்ரவேலன் வௌவாலைக் குருவியோடும் காகத்தோடும் சேர்த்துத்தான் பார்த்தான், எந்தச் சொல்லைப் போட்டாலும். தப்பு அவன் பார்த்ததில் இல்லை. அவன் போட்ட கோடு வேறு, நாம் போடுகிற கோடு வேறு. பாலூட்டிகள் என்று ஒரு வகுப்பை உண்டாக்கி வௌவாலை அதில் கொண்டுபோய் வைத்தவர் உயிர்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ், 1758-இல். வௌவால் பால் கொடுக்கும் என்பது அதற்கு வெகு முன்பே தெரியும். ரோமாபுரியில் பிளினி முதலாம் நூற்றாண்டில், பறக்கிறவற்றில் குட்டி போட்டுப் பால் கொடுப்பது இது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார். கவனியுங்கள், பால் கொடுக்கிறது என்று தெரிந்த பிறகும் அவர் அதைப் பறக்கிறவற்றின் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளவில்லை. அரிஸ்டாட்டில் ஒரு படி மேலே போய், பறக்கிற கூட்டத்துக்கும் தரையில் நடக்கிற கூட்டத்துக்கும் நடுவே நிற்பது என்றார்.

பட்டியலில் வௌவால் இருக்கிற இடத்தையும் பாருங்கள். லேவியராகமத்தில் எண்ணினால் 20 பெயர், நெஷெர் என்கிற பெரிய கழுகில் தொடங்கிக் கடைசிப் பெயர் வௌவால். அது முடிந்த உடனே அடுத்த வசனம் பூச்சிகளுக்குப் போகிறது. கடைசியில் வைத்ததற்கு அர்த்தம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இறகுள்ளவை எல்லாம் முடிந்த பிறகு, இறகில்லாமல் தோலால் பறக்கிற ஒன்றை ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். அது வித்தியாசமானது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வெறும்வாசகன்

கடைசியில் வைத்தது பற்றிச் சொன்னது உங்கள் ஊகம், அதை ஊகமாகவே பையனிடம் சொல்ல வேண்டும். மற்றதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் படம் போட்டவர்கள் 1758-இல் வரைந்த கோட்டை வைத்துப் பழைய புத்தகத்துக்கு மார்க் போடுகிறார்கள், அது நியாயம் இல்லை என்பது எனக்கும் தோன்றுகிறது.

ஹைஃபாவிலிருந்து

நான் இங்கே ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். எபிரெயம் படித்ததில்லை, கடைக்கும் மருந்துக்கும் போய் வந்து காதில் விழுந்த எபிரெயம்தான். நீங்கள் இவ்வளவு பேசுகிற ஓஃப் எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்த சொல்! இங்கே ஓஃப் என்றால் கோழிக்கறி. இறைச்சிக்கடைப் பலகையிலும் ஹோட்டல் மெனுவிலும் அதுதான் எழுதியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டில் சூப்பும் ஓஃப்தான். வெளியே மரத்தில் உட்கார்ந்திருப்பதை யாரும் ஓஃப் என்று பேச்சில் சொல்லிக் கேட்டதில்லை, சிப்போர் என்பார்கள். ஆதியாகமத்தில் வானம் நிறையப் பறந்த சொல் இப்போது சட்டிக்குள் வந்துவிட்டது என்று நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அப்புறம், இந்த நாட்டின் தேசியப் பறவை கொண்டலாத்தி. 2008-இல் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்களாம். அதுவும் உங்கள் பட்டியலில் இருக்கிறது, வௌவாலுக்கு ஒரு பெயர் முன்னால், துகிஃபத் என்று. சாப்பிடக்கூடாத பறவையைத்தான் தேசியப் பறவையாக வைத்திருக்கிறார்கள், அம்மாதான் இதைச் சொன்னாங்க.

பழைய ஏடு

அக்கா, இது பெரிய உதவி. ஒரு சொல் விரியும், சுருங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நம் ஊரில் "பட்சணம்" பலகாரமாகச் சுருங்கவில்லையா, அப்படி.

அறுகால்

பூச்சி பக்கம் யாரும் போகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தமிழாசிரியர், ஆனால் இந்த வசனத்தில் எனக்குப் பழைய ஈடுபாடு உண்டு.

லேவியராகமம் 11:20-இல் நம் பழைய தமிழ் வேதம் திடீரென்று சொல்லை மாற்றுகிறது. 13-இல் "பறவைகளில்", 20-இல் "பறக்கிறவைகளில்". மூலத்தில் இரண்டு இடத்திலும் ஓஃப்தான். 20-இல் வருவது "ஷெரெட்ஸ் ஹா-ஓஃப்", அதாவது ஓஃப் கூட்டத்தில் ஊர்ந்து மொய்க்கிறவை. பேச வந்தது பூச்சியைப் பற்றி என்பதால் மொழிபெயர்த்தவருக்குப் பறவை என்று எழுதக் கை வரவில்லை. எழுதியிருந்தால் வெட்டுக்கிளியைப் பறவை என்கிற வேதம் என்று இன்னொரு படம் சுற்றியிருக்கும்.

இங்கே ஒரு எல்லையும் இருக்கிறது. பூச்சியைச் சொல்ல நினைக்கிறபோது "ஷெரெட்ஸ்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வெறும் ஓஃப் என்று விட்டால் கேட்கிறவன் மனதில் இறகுள்ளதுதான் வந்திருக்கும். உபாகமம் 14:20-இல் மட்டும், பூச்சியைப் பற்றிய வசனத்துக்கு அடுத்தே வெறும் ஓஃப் வருவதால், அதைச் சுத்தமான வெட்டுக்கிளி என்று வாசிக்கிறவர்கள் உண்டு. ஏமன் நாட்டு யூதர்கள் வெட்டுக்கிளியை உண்கிற வழக்கத்தை விடாமல் வைத்திருந்தவர்கள். லேவியராகமம் நான்கு வகைக்கு அனுமதி தருகிறது, தரையில் தத்துவதற்குக் காலுக்கு மேல் முழங்கால் உள்ளவை என்று அடையாளமும் சொல்கிறது. "பூச்சிக்கு ஆறு கால், வேதம் நாலு என்கிறது" என்கிற கிண்டலும் இங்கிருந்து எடுத்ததுதான். நாலால் நடப்பது, பெரிய பின்னங்கால் இரண்டால் தத்துவது என்று அந்த வசனமே பிரித்துக் காட்டுவதாக நான் வாசிக்கிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். சங்கப் பாட்டில் வண்டுக்கு "அறுகாற் பறவை" என்று ஒரு பெயர் உண்டு. ஆறு கால் உள்ள பறவை! என் பெயரும் அதிலிருந்துதான். பாடிய புலவனுக்கு வண்டும் கிளியும் ஒன்று என்றா எண்ணம்? கால் ஆறு என்று எண்ணித்தானே சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பறவை என்றால் பறப்பது, அவ்வளவுதான். தொல்காப்பிய மரபியலில் "பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற் றிளமை" என்று வருகிறது, அங்கேயும் சொல் "பறப்பவை". ஓஃப் என்ற சொல்லை விளங்கிக்கொள்ள உலகத்தில் எந்த மொழிக்காரனைவிடவும் நமக்குச் சிரமம் குறைவு. நம் சொல் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்துக்குள் போய்ச் சுருங்கிவிட்டது, அதனால்தான் இந்தக் கேள்வியே நமக்கு வருகிறது.

கல்மண்டபம்

அறுகாற் பறவை! இதைப் பலகையில் எழுதிப்போட்டே பாடத்தைத் தொடங்கப்போகிறேன் ஐயா.

இன்னொரு சந்தேகம். ஆதியாகமம் 1:20-ஐத் தமிழில் படித்தால் நீந்துகிறவற்றையும் பறவைகளையும் சேர்த்து ஜலமே ஜநிப்பிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் 2:19-இல் ஆகாயத்துப் பறவைகளை மண்ணிலிருந்து உருவாக்கினார் என்று வருகிறது. தண்ணீரா மண்ணா?

பழைய ஏடு

எபிரெயத்தில் அந்த வசனம் இரண்டு வாக்கியமாக நிற்கிறது. தண்ணீர் உயிருள்ளவற்றால் திரளட்டும், ஓஃப் பூமியின் மேல் பறக்கட்டும். ஓஃபைத் தண்ணீர் பிறப்பித்தது என்று அங்கே கட்டாயம் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒரே வினைக்குக் கீழே கொண்டுவந்தது. லத்தீனும் அப்படிப் போனது, பிறகு இங்கிலீஷ் ஜேம்ஸ் ராஜா மொழிபெயர்ப்பு, நம் பழைய தமிழ். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் இதைப் பழைய ரபிகளும், அதாவது யூத வேத ஆசிரியர்களும், கவனித்து யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய சட்ட விளக்க நூலான பாபிலோனிய தல்மூதில் ஹுல்லின் என்ற பகுதியில், 27-ஆம் ஏட்டில், மிருகம் தரையிலிருந்து உண்டானது, மீன் தண்ணீரிலிருந்து, ஓஃப் சேற்றிலிருந்து என்று ஒரு விளக்கம் வருகிறது. தண்ணீரும் மண்ணும் கலந்த சேறு. அறுக்கிற சட்டத்தையும் அதோடு இணைக்கிறார்கள். மிருகத்துக்குத் தொண்டையில் உணவுக்குழாய், மூச்சுக்குழாய் இரண்டும் அறுபட வேண்டும், மீனுக்கு அறுப்பே வேண்டாம், நடுவில் இருக்கிற ஓஃபுக்கு ஒன்று அறுபட்டால் போதும். அங்கேயே இன்னொருவர் சொல்கிறார், பறவையின் காலைப் பாருங்கள், மீனுக்கு இருக்கிற மாதிரி செதில் இருக்கிறது என்று. கோழிக்காலைக் கழுவியிருக்கிற யாருக்கும் அது தெரியும். இலக்கணச் சிக்கலுக்கு விடை தேடிப்போன ஒருவர் கோழிக்காலை உற்றுப் பார்த்திருக்கிறார், அதை நினைத்தால் எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய பிரியம் வருகிறது.

வெறும்வாசகன்

அருமை. அப்படியானால் தமிழில் ஓஃபுக்கு என்ன சொல் போடலாம்? எல்லா இடத்திலும் "பறப்பன" என்று மாற்றிவிடலாமா?

அறுகால்

வேண்டாம் என்பேன். 2 சாமுவேல் 21:10 படித்திருக்கிறீர்களா? சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சவுலின் பேரன்மார் ஐந்து பேரும் மலையில் தூக்கிலிடப்பட்டுக் கிடக்கிறார்கள். அவள் இரட்டுத் துணியைப் பாறையில் விரித்து, அறுப்புக் காலம் தொடங்கியதிலிருந்து மழை பெய்யும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து, பகலில் ஆகாயத்து ஓஃபும் இரவில் காட்டு மிருகமும் உடல்களை அண்டவிடாமல் காக்கிறாள். அங்கே "பறப்பன" என்று போட்டால் அந்தத் தாயின் கை ஓய்ந்துவிடும். அவள் கல்லெடுத்து விரட்டியது பறவையை. அங்கே பறவை என்றே இருக்கட்டும். லேவியராகமப் பட்டியலின் தலைப்பில் "பறப்பவற்றில்" என்று போடலாம், 20-ஆம் வசனத்தோடும் பொருந்தும்.

பழைய ஏடு

ரிஸ்பாளின் தகப்பன் பெயர் ஆயா. 11:14-இல் வருகிற அசுத்தமான வேட்டைப்பறவையின் பெயரும் எபிரெயத்தில் அதே எழுத்துதான். ஒரு பறவையின் பெயர் கொண்டவனின் மகள் பறவைகளை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வசனத்தை இனி என்னால் வேறு மாதிரி படிக்க முடியாது.

கல்மண்டபம்

இன்று வகுப்பு முடிந்தது. அறுகாற் பறவையில் தொடங்கினேன். உபாகமத்தையும் திறந்து காட்டினேன், ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று கூட்டத்தைப் பலகையில் வரைந்து, வௌவாலை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் வானத்தில் வைத்தார்கள். அந்தப் பையன் மட்டும் எழுந்துவந்து, வானத்தில் எழுதி, பக்கத்திலேயே சின்னதாக "பால் கொடுக்கும்" என்று எழுதிவிட்டுப் போனான்.

போகும்போது ஒரு பெண் பிள்ளை கேட்டது, தேனீயும் பறக்கிற பூச்சிதானே, அது அசுத்தம் என்றால் தேன் மட்டும் எப்படிச் சாப்பிட்டார்கள், சிம்சோன் சாப்பிட்டாரே என்று. யாராவது?

பழைய ஏடு

அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். தல்மூதில் பெகோரோத் பகுதி, 7-ஆம் ஏடு, இதே கேள்விதான். அசுத்தமானதிலிருந்து வருவதும் அசுத்தம் என்பது சட்டம், அப்படியிருக்க தேன் எப்படி என்று கேட்டு, தேனீ அதைப் பூவிலிருந்து உடலுக்குள் எடுத்துச் சேர்த்து வைக்கிறதே தவிர தன் உடலிலிருந்து சுரப்பதில்லை என்று பதில் சொல்கிறார்கள். தேனீக்கு எபிரெயத்தில் தெபோரா என்று பெயர். நியாயாதிபதி தெபொராளின் பெயர் அதுதான் என்பதையும் சொல்லுங்கள், அடுத்த வார வகுப்புக்கு ஆகும்.